சிங்கம் தெரிகிற வெளிச்சம்

ஜூன் 3, செவ்வாய்

நான் சொல்கிறேன், தவமணி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து கேட்டால் கட்டைவிரல்தான். என் வீட்டுக்காரி எட்டாவது வரை படித்தவள். நாற்பத்தாறு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிற காகிதமெல்லாம் அவள் பொறுப்பு.

நான் வேலை பார்க்கிற வண்ணமீன் கடையின் முதலாளி செழியன் தம்பி இன்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அம்பத்தூரில் ஒரு ஓட்டல் திறக்கிறார்களாம். வாசலில் வைக்க ஐந்தடி நீளத்துக்குச் செடித் தொட்டி வேண்டுமாம், மீன் தொட்டி மாதிரிக் கண்ணாடியில், தண்ணீருக்குள்ளேயே செடி வளர்கிற தொட்டி. செடி நட்டு, நம் கடையிலேயே வளர்த்து, அடியில் புல் படர்ந்த பிறகு ஜூலை பத்தாம் தேதி கொண்டுபோய் வைக்க வேண்டும்.

"நைனா, மண்ணு, தண்ணி எல்லாம் எவன் வேணா பாத்துப்பான். செடித் தொட்டிக்கு லைட்டுதான் உசுரு. எந்த லைட்டு, எவ்ளோ நேரம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

கொளத்தூர் மீன் கடைக்காரர்கள் என்னைக் கண்ணு கன்னியப்பன் என்பார்கள். ஏஞ்சல் மீனில் ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிப்பேன். செழியனுடைய அப்பா வேதாசலம் ஐயா எழுபத்தெட்டில், ஒரு தை மாசம் வெள்ளிக்கிழமை, முப்பது மீனை ஒரே அண்டாவில் விட்டுச் சோதித்தார். முப்பதும் சரி. அன்று அவர் போட்டிருந்தது ஊதா கோடு போட்ட சட்டை.

தொட்டி நன்றாக வந்தால் இனி செடி வேலை முழுக்க என் கையில். வராவிட்டால்? "பெங்களூர்ல ஒரு ஆளு வேலை கேட்டுக்கினே இருக்கான், சும்மா சொன்னேன்" என்றார் தம்பி. சும்மா கேட்கிறவனைப் பற்றி என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் வந்தால் நான் பின்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைக்குக் காற்று அடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எழுபத்திரண்டு வயதில் அந்த மூலைக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் விளக்கு விவரத்தை நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். அதனால்தான் இது.

(தவமணி எழுதுவது: அவர் சொல்லாததையும் அடைப்புக்குள் எழுதப் போகிறேன். படிக்கத் தெரியாதவர், கண்டுகொள்ள மாட்டார். நேரில் சொன்னால் காது கொடுப்பதில்லை. எங்காவது இறக்கி வைக்க வேண்டும். இன்று டம்ளருக்கு வெளியே காபி ஊற்றினார். டம்ளர் கோணல் என்றார்.)

ஜூன் 4, புதன்

விளக்கு விற்கிற ஷாகுல் கடைக்குப் போனேன். மூன்று விதம் காட்டினான். ஒன்று வெள்ளை. ஒன்று நீலம் கலந்த வெள்ளை. மூன்றாவது சிவப்பும் நீலமும் சேர்ந்து ரோஸாக எரிகிறது, செடிக்கென்றே செய்ததாம். ரோஸ் விளக்கில் செடி வளரும், ஆனால் பார்க்கிறவனுக்குத் தண்ணீர் ரஸ்னா மாதிரி தெரியும். ஓட்டல் வாசலுக்கு ஆகாது. வெள்ளையை எடுத்தேன்.

"பாய், இது வெள்ளைதானா? குண்டு பல்பு மாதிரி மஞ்சளா எரியுதே."

"பெரியவரே, பகல் வெளிச்சம் மாதிரி சுத்த வெள்ளை. உங்களுக்குன்னு தனியா மஞ்சள் ஊத்தி வச்சிருக்கேனா?"

"ஊத்தினாலும் ஊத்துவ."

"ஒண்ணு போதும். முதல்ல ஆறு மணி நேரம் போடுங்க. செடி வேர் புடிச்சப்புறம் ஏத்திக்கலாம்."

எனக்கு ஒரு கணக்கு உண்டு. வாட்டு, லூமன் எதுவும் அதில் கிடையாது. பழைய கனமான ஒரு ரூபாய்க் காசு ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். தொட்டியின் அடியில் அதைப் போட்டு, நின்றபடி மேலிருந்து பார்ப்பேன். காசில் இருக்கும் சிங்கம் தெரிந்தால் வெளிச்சம் போதும். சிங்கத்தின் பிடரி தெரிந்தால் அதிகம். தெரியாவிட்டால் குறைவு. டியூப் லைட்டு காலத்தில் இருந்து இதுதான் அளவு. ஒரு நாளும் பொய்த்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

செடி நட்டாயிற்று. முன்னால் புல், நடுவில் வாள் செடி, பின்னால் ரோட்டாலா என்கிற சிவப்பு இலைச் செடி. இடுப்பு விட்டுப்போயிற்று. விளக்கு ஆறு மணி நேரம்.

ஜூன் 8, ஞாயிறு

காசு போட்டேன். சிங்கம் இல்லை. வட்டமாக ஏதோ கிடக்கிறது, அவ்வளவுதான். புது மண் கலங்கியிருக்கும். எட்டு மணி நேரம் ஆக்கினேன்.

(தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று செழியனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மூணாம் நாளே கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு அத்தை" என்கிறார்.)

ஜூன் 11, புதன்

மறுபடி ஷாகுல். நீலம் கலந்த விளக்கையும் வாங்கி முதல் விளக்குக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

"பெரியவரே, ஒரு வாரம்தான் ஆச்சு. அதுக்குள்ள எப்படி மங்கும்?"

"மங்கல் சரக்க குடுத்தா மங்கத்தான் செய்யும்."

"அல்லா மேல சத்தியமா, இந்த லைட்டத்தான் என் மவ படிக்கிற டேபிளுக்கு மேல போட்டிருக்கேன்."

"அவளுக்கும் கண்ணு கெடப் போவுது."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பேருந்தில் வரும்போது அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. ஏன் வாயில் அது வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விளக்கு இரண்டு. எட்டு மணி நேரம். வேறு ஒன்றும் இல்லை.

(வேறு உண்டு. நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். கல்யாணமான நாளில் இருந்து எனக்கு ஊசி கோத்துக் கொடுப்பது அவர்தான். ஒரே குத்தில் நூல் போகும். இன்று இருபது தடவை முயன்றார். இப்போது வருகிற நூல் மட்டம் என்று எழுந்துபோனார். அவர் குளிக்கப் போனபோது நான் கோத்தேன். அதே நூல்.)

ஜூன் 15, ஞாயிறு

கண்ணாடியில் பச்சைப் புள்ளி. வெளிச்சம் பத்தாமல் செடி சோர்ந்தால் பாசி ஏறும். பத்து மணி நேரம்.

ஜூன் 18, புதன்

கப்பி மீன் பத்து ஜோடி கேட்ட ஆவடிக்காரர் பையைத் திருப்பிக் கொண்டு வந்தார்.

"இன்னா பெரியவரே, பதினாறு ஆம்பள, நாலு பொம்பள. மீனுங்களுக்கு எப்படிய்யா கண்ணாலம் பண்ணி வைக்கிறது?"

கடையே சிரித்தது. கப்பியில் ஆண் பெண் பார்க்க கண்ணு கன்னியப்பன் வேண்டியதில்லை. ஆணுக்கு வால் நிறைய கலர், பெண் சாம்பல். கடைக்கு வரும் குழந்தைகளே சொல்லும். பின்கட்டில் எவனோ பையை மாற்றிக் கட்டிவிட்டான் என்றேன். செழியன் தம்பி பையை வாங்கி அவிழ்த்தார். வேறு ஜோடி பிடித்து அவரே பையைக் கட்டிக் கொடுத்தார்.

பிடித்தது நான். கட்டியதும் நான். இதை எழுதாதே என்று சொல்லிவிட்டேன்.

(எழுதிவிட்டேன்.)

ஜூன் 20, வெள்ளி

மூன்றாவது விளக்கு. மூன்றையும் நான்கு விரற்கடை கீழே இறக்கிக் கட்டினேன். சிங்கம் இன்னும் இல்லை. ரோட்டாலாவின் நுனியில் நூல் நூலாக ஏதோ தொங்குகிறது. கையை விட்டு உருவினால் தலைமுடி மாதிரி வருகிறது. இன்னும் இருபது நாள்.

பெங்களூர்க்காரன் கடைக்கு வந்து போனானாம். நல்ல உயரமாம். சும்மா வந்தானாம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எனக்கு விடுமுறை. இருந்தும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

(அந்தி சாய்ந்த பிறகு கூட்டிக்கொண்டு வர நான்தான் போனேன். தெரு விளக்கையெல்லாம் காட்டி, "பாரேன், ஒவ்வொண்ணும் மத்தாப்பு மாதிரி சிதறுது, கரெண்டு ஏறி இறங்குது போல" என்றார். விளக்கு விளக்காகத்தான் எரிந்தது. எதிரே வந்த ஆட்டோவை ஹார்ன் அடித்த பிறகுதான் பார்த்தார். "யோவ், ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா" என்றேன். "எதுக்கு, ஏழுமலை மாதிரி ஆவுறதுக்கா" என்றார். ஏழுமலை அவருடைய அண்ணன்.)

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காலை பத்து மணிக்குச் செழியன் தம்பி தொட்டி அறைக்குள் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா இது. மேட்ச் நடக்கிற கிரவுண்டு மாதிரி வச்சிருக்கீங்க. மூணு லைட்டு எதுக்கு?"

"பத்தல தம்பி."

"பத்தலையா? உள்ள பாருங்க, புல்லே தெரியல, அம்புட்டும் பாசி. இது வெளிச்சம் ஜாஸ்தியாயி வர்ற பாசி. இது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும். ஆனால் சிங்கம் தெரியவில்லையே. காசை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். "நீயே பாரு. இம்மாம் லைட்டு போட்டும் சிங்கம் தெரியுதா? லைட்டுதான் மட்டம்" என்றேன்.

தம்பி கிட்டே வரவில்லை. வாசலில் இருந்த ஸ்டூல் மேல் ஏறி, அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கச் சுவிட்சில் ஒவ்வொரு விளக்காக அணைத்தார். இரண்டை அணைத்த பிறகும் பார்த்தார். இறங்கினார்.

"தெரியுது நைனா. ஒத்த லைட்டுலயே தெரியுது. மூணு சிங்கமும்."

என் வாய் தானாகப் பேசியது. "எனக்கும்தான் இப்ப தெரியுது. நேத்து தெரியல. இந்த லைட்டு ஒரு நாள் நல்லா எரியுது, ஒரு நாள் மங்குது."

அவர் என் முகத்தைப் பார்த்திருப்பார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஷாகுல் நம்மள ஏமாத்தறான். எட்டு வருசமா அவன்கிட்டதான் வாங்கறேன். நோட்டைக் கொண்டாங்க நைனா. எந்தெந்தத் தேதியில மங்குச்சுன்னு காட்டி அவன உண்டு இல்லன்னு பண்ணிட்டு, இனிமே அவன் சரக்கே வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

தொட்டியைக் கறுப்புத் துணி போட்டு மூடச் சொன்னார். அஞ்சு நாள் ஒரு பொட்டு வெளிச்சம் போகக் கூடாது. பாசி செத்தால் செடி பிழைக்கும். மூடிவிட்டு வந்தேன்.

ஜூன் 25, புதன்

போகவில்லை. கால் வலி.

(கால் நன்றாகத்தான் இருக்கிறது. நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் ஒரு கண்ணை மூடுவார், எடுப்பார், இன்னொன்றை மூடுவார். நான் பார்த்தால் மூக்கைச் சொறிவார்.)

ஜூன் 26, வியாழன்

நாளைக்கு நோட்டு வேண்டும் என்று செழியன் போன் செய்தார்.

தன் முகம் மாறிவிட்டது என்று தவமணி சொல்கிறாள், நான் பார்க்கவில்லை. குரல் மாறியது தெரிந்தது.

"யோவ். ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நோட்டுல நானும் எழுதி வச்சிருக்கேன்."

"நீதானே எழுதற."

"நீ சொல்லாததையும் எழுதிட்டேன். ஊசி கோத்தது, காபி கொட்டினது, கப்பி மீனு. எல்லாம்."

முதலில் ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷன் வாயால் சொன்னதை எழுதச் சொன்னால், வாயை மூடிக்கொண்டதையும் எழுதுவாளா ஒருத்தி. அப்புறம் முதல் பக்கத்தில் இருந்து படிக்கச் சொன்னேன். படித்தாள். ஊசி வந்த இடத்தில், "நூல் மட்டம்தான்" என்றேன். அவள் மேலே படித்தாள். தெரு விளக்கு வந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

படித்து முடித்து, "கிழிச்சிடட்டா?" என்றாள். "புதுசா ஒரு நோட்டு வாங்கி, விளக்குக் கணக்க மட்டும் எழுதித் தரேன். ஒரு மணி நேரம் ஆவும்."

எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாசம், இரண்டாம் செவ்வாய். ஒரு கல்யாண மண்டபத்தில் கண் புரைக்கு ஆபரேஷன் முகாம் போட்டார்கள். அண்ணன் ஏழுமலை போனார். பதினோரு பேரில் அவர் ஏழாவது. அன்று மதியம் சாம்பார் சாதமும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். பச்சைத் துணியால் கண்ணைக் கட்டி அனுப்பினார்கள். வியாழக்கிழமை சீழ் வைத்தது. சனிக்கிழமை அந்தக் கண் போயிற்று. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். நடக்கும்போது இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார். சாகிற அன்றும் படுக்கையில் அந்தக் கை நீண்டுதான் இருந்தது. இது இத்தனை நாள் தவமணிக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. இன்று சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது நாப்பது வருசம் ஆச்சுய்யா" என்றாள்.

"எனக்கு நேத்து மாதிரி இருக்குது."

"உனக்கு எல்லாமே நேத்துதான். அதான் உன் வியாதி."

வெகுநேரம் யோசித்தேன். கிழித்தால் நான் பிழைப்பேன். பாசி லைட்டால் வந்தது என்று ஆகும். ஷாகுல் எட்டு வருஷ வாடிக்கையை இழப்பான். பொய் சொல்லத் தெரியாத பையன். மங்கல் சரக்கு என்று நான் சொன்னபோதும் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தவன். கிழிக்காவிட்டால் நாளைக்கே பின்கட்டு. அல்லது வீடு.

"கிழிக்காதே" என்றேன்.

"நெசமாவா?"

"கேட்டுக்கினே இருந்தா கிழிச்சிடுவேன். எடுத்துப் பையில வையி."

ஜூன் 29, ஞாயிறு

நோட்டு செழியன் தம்பியிடம் இருக்கிறது. அதனால் தவமணி இதைத் தனித் தாளில் எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்தாரா, படிக்கவில்லையா? படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாரா? பெங்களூர்க்காரன் சனிக்கிழமையும் வந்தான்.

இன்று துணியை எடுத்தோம். தம்பி ஒரே ஒரு விளக்கைப் போட்டார். பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கு நைனா?"

பச்சை, அதற்குள் கொஞ்சம் கறுப்பு, பின்னால் ஏதோ பழுப்பு. மழைக்காலத்து ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்குத் தெரியல தம்பி" என்றேன். "நீ பாத்துச் சொல்லு."

இப்படி ஒரு வார்த்தை அந்தக் கடையில் என் வாயில் இருந்து வந்ததில்லை. தம்பி சொன்னார். பாசி வெளுத்துச் செத்திருக்கிறது. புல் பாதிக்கு மேல் தப்பித்துவிட்டது. வாள் செடியில் இரண்டு இலை அழுகல். ரோட்டாலா நிற்கிறது, நுனி மட்டும் நிறம் போய்விட்டது.

சட்டையைச் சுருட்டிக் கையை உள்ளே விட்டேன். ரோட்டாலாவின் தண்டை அடியில் இருந்து நுனி வரை விரலால் தடவினேன். இலைக்கும் இலைக்கும் நடுவே அரை விரல் கூட இல்லை, குறுகி நெருக்கமாக இருக்கிறது. வெளிச்சம் பத்தாத தண்டு இப்படி இருக்காது, இலை விட்டு இலை எட்டிப்போய் நீளும். இது வெளிச்சத்தை அதிகமாகத் தின்ற தண்டு. இதை நான் இந்த மாசம் முழுக்க ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் போதும். கண் கண் என்று ஊர் சொல்லி, கையை மறந்துவிட்டேன்.

"ஒத்த லைட்டு போதும். ஷாகுல் சொன்னது சரி" என்றேன்.

"சரி நைனா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

செத்த பாசியை உறிஞ்சி எடுத்தேன். தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். இலை வழுக்கவில்லை. நோட்டு இன்னும் வரவில்லை.

(தூங்கவில்லை. நானும்தான்.)

ஜூலை 4, வெள்ளி

நோட்டு வந்தது. கடையில் இருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கையில் கொடுக்காமல் எதற்குக் கொடுத்தனுப்ப வேண்டும்? தவமணி பிரித்தாள். கடைசியில் புது எழுத்து இருக்கிறது என்றாள்.

"இன்னா எழுதியிருக்கான்?"

"இரு, கிறுக்கல் மாதிரி இருக்குது."

"கணக்கு முடிச்சிட்டானா?"

"இருய்யா."

படித்தாள். அதை அப்படியே கீழே எழுதச் சொன்னேன்.

'நைனா, தொட்டி பத்தாம் தேதி போகும். அங்கே வைத்த பிறகு புல் படர இன்னும் பத்து நாள் ஆகும் என்று ஓட்டல்காரரிடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். விளக்கு ஒன்று, ஆறு மணி நேரம். வெளிச்சத்தை நான் பார்க்கிறேன், இலையை நீங்கள் பாருங்கள். மீன் பிரிக்கிற வேலைக்குப் பெங்களூர் ஆளைச் சேர்த்திருக்கிறேன். அதை இப்போதைக்கு அவர் பார்க்கட்டும். ஷாகுலிடம் எதுவும் சொல்லவில்லை, நீங்களே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி அனுப்புகிறேன். தொட்டிக்கு இல்லை. அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டாக்டரிடம் பேசியாயிற்று.'

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். மீன் பிரிக்கிற வேலை போய்விட்டது. அந்த வரியை மட்டும் மூன்றாவது தடவை படிக்கச் சொன்னேன்.

"இப்போதைக்குன்னுதான் எழுதியிருக்காரு" என்றாள் தவமணி.

"நீயா சேத்துப் படிக்கிறியா?"

"உனக்குப் படிக்கத் தெரிஞ்சா சரிபாரு."

வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். சனிக்கிழமை எனக்கு ஆகாத நாள் என்று சொல்லலாம். ஏழுமலைக்குக் கண் போனதும் ஒரு சனிக்கிழமைதான். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் ரவிக்கைக்குக் கை தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். அப்புறம் இடது கண்ணை.

"ரெண்டையும் ஒரே நாள்ல தொட மாட்டாங்களே?"

"மாட்டாங்க. ஒண்ணு ஆறினப்புறம்தான் இன்னொண்ணு."

"அப்ப இடதை முதல்ல குடுக்கலாம். அதுல ஏற்கெனவே ஒண்ணும் இல்ல. போனா அதோட போவட்டும்."

"சரி, இடது."

"எழுதிக்க. டாக்டர் கேட்டா மாத்திச் சொல்லிடப் போற."

(எழுதிக்கொண்டேன். இடது.)